சூட்டை இறக்கிவைக்கும் தகடுகள்

புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை எல்லோரும் பார்த்திருப்போம். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். 1955-இல் மெட்ராஸில் அந்த வண்டியைப் பூட்டத் தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் தகடுகளின் தோற்றம் பெரிதாக மாறவில்லை. மெக்கானிக்குகள் அதை ஃபின் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். ‘குளிர்விப்புத் துடுப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே படகுதான் ஞாபகம் வந்தது.

ஃபின்னின் வேலை எளியது. உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். காற்று அதை வாங்கிக்கொள்வதில் மகா கஞ்சன். அசையாத காற்றில், ஒரு டிகிரி வெப்பநிலை வித்தியாசத்துக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஐந்து முதல் பத்து வாட் வரைதான் வெளியே போகும். வாங்குகிறவன் கஞ்சனாக இருந்தால் கடையை நீட்டிப் போட வேண்டியதுதான். அதாவது பரப்பைக் கூட்ட வேண்டும், தகடு வைக்க வேண்டும்.

சரி, வைக்கலாம். எவ்வளவு நீளம்? எவ்வளவு தடிமன்? அடியில் தடிமனாகவும் நுனியில் மெல்லியதாகவுமா, ஒரே சீராகவா? எத்தனை தகடு, எவ்வளவு இடைவெளி? தகடு நீள நீள அதன் நுனி குளிர்ந்துபோகும். குளிர்ந்த நுனி காற்றுக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது, எடை மட்டும் மிஞ்சும். தரையில் ஓடும் வண்டிக்கு அந்த எடை பெரிய விஷயமில்லை. ஆகாயத்தில் பறப்பதற்கும், அதற்கும் மேலே போவதற்கும் அதுவே உயிர்ப் பிரச்சினை. இந்தக் கேள்விக்கான விடையை மனிதர்கள் தேடிய கதை எனக்குப் பல வருடங்களாகப் பிடித்தமான ஒன்று. கல்லூரியில் வெப்பப் பரிமாற்றம் நடத்திய பேராசிரியரிடம் ‘இந்த ஃபார்முலா எங்கேர்ந்து வந்துது சார்?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘அதெல்லாம் எக்ஸாம்ல வராதுப்பா’ என்றார். வராதுதான்.

கதை நியூட்டனிலிருந்து தொடங்குகிறது. 1701-இல் ராயல் சொசைட்டியின் இதழில், பெயர் போடாமல், லத்தீனில் ஒரு சிறிய கட்டுரையை அவர் வெளியிட்டார். ஆளி விதை எண்ணெய் நிரப்பிய வெப்பமானிதான் அவருடைய கருவி. உலோகங்கள் உருகும் சூட்டை அதனால் அளக்க முடியாது. அதற்காக அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வெளியே எடுத்து, அது ஆற எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டார். சூட்டுக்கும் சூழலுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அந்த விகிதத்தில் வெப்பம் இழக்கப்படும் என்பது அவருடைய அனுமானம். இன்று பள்ளிப் பாடத்தில் ‘நியூட்டனின் குளிர்வு விதி’ என்று வருவது இதுதான்.

பள்ளிப் பாடம் விட்டுவிடும் ஒரு விவரம் உண்டு. நியூட்டன் அந்த இரும்பை அசையாத காற்றில் வைக்கவில்லை, சீராக வீசும் காற்றில் வைத்தார். சூடான காற்று அகன்று புதுக்காற்று ஒரே வேகத்தில் வந்துகொண்டிருந்தால்தான் விதி நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஃபின் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த நிபந்தனைதான் படுத்துக்கிடக்கிறது.

அடுத்தவர் ழான் பாப்டிஸ்ட் பியோ. 1804-இல் ஒரு நீண்ட இரும்புத் தண்டின் ஒரு முனையைச் சூடாக்கி, நெடுகத் துளைகளிட்டு வெப்பமானிகளைச் செருகினார். வெப்பநிலை முனையிலிருந்து தள்ளிப்போகப் போக மடமடவென்று இறங்கியது. ஒரே தூரத்துக்கு ஒரே விகிதம்: பாதி, அந்தப் பாதியில் பாதி, அதிலும் பாதி. நீளமான இரும்புக் கரண்டியால் கொதிக்கும் பாகைக் கிண்டுகிறவர்களுக்கு இது தெரியும், கைப்பிடி சுடாது. விரல் தடிமன் இரும்புத் தண்டின் ஒரு முனை உருகும்வரை காய்ச்சினாலும், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் மறுமுனையில் ஒரு டிகிரிகூட ஏறாது. இதைத் திருப்பிப் படித்தால் ஃபின்னைப் பற்றிய முதல் பாடம் கிடைக்கிறது. ஒரு அளவுக்கு மேல் நீட்டுவதில் பிரயோஜனமில்லை.

பியோவுக்குத் தரவு இருந்தது, சரியான சமன்பாடு பிடிபடவில்லை. அதைப் பிடித்தவர் ஃபூரியே. நெப்போலியன் அவரை கிரெனோபிளில் மாவட்ட நிர்வாகியாக உட்கார வைத்திருந்தார். சாலை போடுவது, சதுப்பு நிலத்தை வடிப்பது போன்ற வேலைகளுக்கு நடுவே 1807-இல் வெப்பத்தைப் பற்றிய தன் நீண்ட ஆய்வைப் பாரிஸுக்கு அனுப்பினார். லக்ராஞ்சுக்கு அது பிடிக்கவில்லை. புத்தகமாக வர 1822 ஆகிவிட்டது. ஃபூரியே செய்த முக்கியமான காரியம் இரண்டு கடத்துதிறன்களைத் தனித்தனியாகப் பிரித்தது. ஒன்று உலோகத்துக்குள்ளே வெப்பம் ஓடுவது, மற்றது உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து வெளியே போவது. ஃபின் என்பது இந்த இரண்டுக்கும் நடக்கும் பேரம். அவர் எழுதிய மெல்லிய தண்டின் சமன்பாடுதான் இன்றும் ஃபின் சமன்பாடு. நூறு வருடங்களுக்கு அதை எஞ்சினில் பொருத்திப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. எஞ்சின் வர வேண்டுமே!

அதற்குள் இன்னொரு கிளை வளர்ந்தது. பியோ தண்டைச் சுட்ட அதே 1804-இல் எடின்பரோக்காரர் ஜான் லெஸ்லி ஒரு புத்தகம் போட்டார. தகரக் கனசதுரத்தில் வெந்நீரை ஊற்றி, ஒரு முகத்தில் விளக்குக் கரி பூசி, ஒன்றில் காகிதம் ஒட்டி, ஒன்றைப் பளபளவென்று விட்டு, எதிரே நுட்பமான வெப்பமானியை வைத்தார். எல்லா முகங்களும் ஒரே சூடு. ஆனால் கரி பூசிய முகம் 100 என்று கதிர் வீசினால் பளபளப்பான தகரம் 12-தான் வீசியது. காகிதம் ஏறக்குறைய கரிக்குச் சமம். வெள்ளைக் காகிதம், கறுப்புக் கரி, இரண்டும் சமம்! கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் வெப்பக் கதிருக்கும் நேரடிச் சம்பந்தமில்லை என்பது அப்போதே வெளியே வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்னால் இருக்கும் கறுப்பு அலுமினியத் தகடுகளைப் பார்த்து ‘கறுப்பா இருந்தாதான் சூடு போகும்’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே வேலை செய்வது அனோடைஸ் செய்த ஆக்சைடு படலம். அதை நிறமில்லாமல் விட்டாலும் ஏறக்குறைய அதே அளவு கதிர் வீசும். மெருகேற்றிய வெற்று அலுமினியம்தான் வீசாது.

1879-இல் வியன்னாவில் ஜோசப் ஸ்டெஃபான், கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது என்றார். டிண்டலின் பிளாட்டினக் கம்பி அளவுகளை வைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்கு அது. கம்பி 525 டிகிரியிலிருந்து 1200 டிகிரிக்குப் போனபோது கதிர்வீச்சு 11.7 மடங்கானது. கெல்வினில் 798-இலிருந்து 1473. அந்த விகிதத்தை நான்கு முறை பெருக்கினால் 11.6. ஐந்து வருடம் கழித்து போல்ட்ஸ்மான் அதற்குக் கோட்பாட்டு அடிப்படையைக் கொடுத்தார். காற்றில் வெப்பம் போவது ஏறக்குறைய வித்தியாசத்தின் விகிதத்தில், கதிரில் போவது நான்காம் அடுக்கில். இந்த வேறுபாடு பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

எஞ்சின் வந்தது. பிறகு ஆகாய விமானம் வந்தது. தண்ணீரால் குளிர்வித்த எஞ்சினுக்குத் தண்ணீர், ரேடியேட்டர், குழாய்கள், பம்பு எல்லாமே சுமை. பாரிஸின் செகான் சகோதரர்கள் 1908-இல் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள், நோம் எஞ்சின். அதில் கிராங்க் ஷாஃப்ட் நிற்கும், ஏழு சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். காற்று வரவில்லையென்றால் நாமே காற்றுக்குள் சுற்றுவோம் என்கிற யோசனை! சிலிண்டரும் அதன் ஃபின்களும் கெட்டி நிக்கல் எஃகிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டவை. வாங்கிய எஃகில் பெரும்பகுதி கடைசலில் சீவலாகப் போய்விடும். அதிலிருந்து ஆமணக்கெண்ணெய் தெறிக்கும், சுழலும் எடையால் விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். இருந்தும் முதல் உலகப்போரின் முதல் பாதியை அந்த வம்சத்து எஞ்சின்கள் ஆண்டன.

ஆனால் சிலிண்டரைச் சுற்றிவிட்டுக் குளிர்விப்பதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லையைத் தாண்ட வேண்டுமானால் சிலிண்டரை நிறுத்திவைத்து, ஃபின்னைச் சரியாகச் செய்ய வேண்டும். போர் நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் பேராசிரியர் கிப்ஸனும் சாமுவேல் ஹெரானும் இதில் இறங்கினார்கள். அலுமினியத் தலை, எக்ஸாஸ்ட் வால்வின் பக்கம் அதிக ஃபின், வெப்பம் ஓடத் தடிமனான பாதை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஹெரான் பிறகு அமெரிக்கா போனார். அவருடைய யோசனைகள் சேர்ந்த ரைட் நிறுவனத்தின் ஜே-5 எஞ்சின் 1927 மே மாதம் லிண்ட்பெர்க்கின் விமானத்தில் 33 மணி நேரத்துக்கும் மேல் நிற்காமல் ஓடி அட்லாண்டிக்கைக் கடந்தது. ஒன்பது சிலிண்டர், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. லிண்ட்பெர்க்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஹெரானின் பெயரை எஞ்சின்காரர்கள் மட்டும் சொல்வார்கள்.

இந்தக் காலகட்டத்தில்தான் கணக்கு பிறந்தது. 1922-இல் ஹார்ப்பர், பிரவுன் என்ற இருவர் அமெரிக்காவின் நாகா அமைப்புக்காக (இன்றைய நாசாவின் தாய்) காற்றால் குளிரும் எஞ்சின் ஃபின்களுக்கான சமன்பாடுகளை ஒரு அறிக்கையாக எழுதினார்கள். அதில் வந்த கருத்து அழகானது. ஃபின்னின் அடி சூடு, நுனி குளிர். அது முழுவதும் அடியின் சூட்டிலேயே இருந்திருந்தால் எவ்வளவு வெப்பம் போயிருக்குமோ, அதில் எத்தனை பங்கு உண்மையில் போகிறது? இன்று இதற்குப் பெயர் ஃபின்னின் திறன். நூறு சதுர சென்டிமீட்டர் தகடு வைத்திருக்கிறாய், சரி, அதில் எழுபது சதுர சென்டிமீட்டர்தான் சம்பளத்துக்கு வேலை செய்கிறது என்று சொல்லும் எண் அது. நுனியின் விளிம்பிலிருந்து போகும் வெப்பத்துக்காகச் சிக்கலான கணக்குப் போட வேண்டாம், தடிமனில் பாதியை நீளத்தோடு சேர்த்துக்கொள், போதும் என்று அவர்கள் சொன்ன குறுக்குவழி இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து டான்சிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த எர்ன்ஸ்ட் ஷ்மிட் கேள்வியைத் தலைகீழாக்கினார். ‘இந்த வடிவம் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும்?’ என்று கேட்கவில்லை. ‘இவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற, மிகக் குறைந்த உலோகம் எந்த வடிவத்தில் வேண்டும்?’ என்று கேட்டார். 1926-இல் ஜெர்மன் பொறியாளர் சங்க இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் எனக்கு இந்தக் கதையின் மையம்.

அவருடைய வாதம் கணிதம் என்பதைவிட ஒரு நியாய உணர்வு. ஃபின்னில் இருக்கும் ஒவ்வொரு கிராம் உலோகமும் ஒரே அளவு சுமை தூக்க வேண்டும். ஓரிடத்தில் வெப்பம் நெருக்கியடித்துக்கொண்டு ஓடி, இன்னோரிடத்தில் உலோகம் சும்மா உட்கார்ந்திருந்தால், சும்மா இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து நெருக்கும் இடத்தில் வைத்துவிடலாமே? அப்படி எடுத்து எடுத்து வைத்துக்கொண்டே போனால் கடைசியில் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கம். எல்லா இடத்திலும் ஒரே நெருக்கம் என்றால் வெப்பநிலை அடியிலிருந்து நுனிவரை நேர்கோட்டில் இறங்க வேண்டும். அப்படி இறங்க வேண்டுமானால் தடிமன், நுனியிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமாக ஏற வேண்டும். ஆகவே ஃபின்னின் பக்கங்கள் இரண்டும் உள்ளே குழிந்த பரவளையங்கள், நுனி சவரக்கத்தி போலக் கூர்மை.

இதில் எவ்வளவு மிச்சம்? காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரே வெப்பத்துக்குப் பரவளைய ஃபின்னுக்கு 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், மிகச் சிறந்த அளவில் செய்த நேர்ச்செவ்வக ஃபின்னுக்குச் சுமார் 151 கிராம் வேண்டும். பெரிய லாபம். ஆனால் சாதாரண முக்கோண ஃபின்? 104 கிராம். அவ்வளவுதான். பரவளையத்துக்காக ஒரு கடைசல்காரன் படும் பாடு முழுக்க அந்த நான்கு சதவீதத்துக்காக. அதனால்தான் ஷ்மிட்டின் வடிவத்தை அப்படியே செய்தவர்கள் அபூர்வம்.

கோவையில் ஒரு வார்ப்படப் பட்டறைக்குப் போயிருந்தபோது இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். சிலிண்டருக்கான மர அச்சைச் செய்துகொண்டிருந்த பெரியவரிடம் ஃபின் ஏன் நுனியில் ஒல்லியாக இருக்கிறது என்று கேட்டேன். ‘டேப்பர் குடுக்கலீன்னா பேட்டர்ன வெளிய எடுக்கறப்ப மண்ணும் கூடவே வந்துருமுங்க தம்பி’ என்றார். மணலிலிருந்து அச்சு கழன்று வருவதற்காக வைக்கும் சாய்வு அது. வெப்பத்துக்காக அல்ல. ஆனால் அந்தச் சாய்வு செவ்வகத்தை முக்கோணத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. அதாவது ஷ்மிட் கணக்கில் போய்ச்சேர்ந்த இடத்துக்கு அருகே, பட்டறைக்காரர்கள் மண் உடையக் கூடாதே என்ற கவலையில் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஷ்மிட்டின் கணக்கில் வடிவத்தைவிட முக்கியமான ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரே ஃபின் இரண்டு மடங்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டுமானால் அதற்கு எட்டு மடங்கு உலோகம் வேண்டும், மூன்றாம் அடுக்கு. அதையே இரண்டு ஃபின்னாகப் பிரித்தால் இரண்டு மடங்கு உலோகம் போதும். ஒரு ஃபின் செய்யும் வேலையைப் பத்தாகப் பிரித்தால் மொத்த உலோகம் நூற்றில் ஒரு பங்கு. வடிவத்தில் நான்கு சதவீதம், எண்ணிக்கையில் நூறு மடங்கு! எங்கே பணம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. நிறைய, மெல்லியதாக, குட்டையாக: அதற்குப் பிறகு விமான எஞ்சின்கள் போன பாதை அதுதான். நோமின் சில தடித்த வளையங்களிலிருந்து, இரண்டாம் உலகப்போரின் எஞ்சின்களில் காகிதக் கட்டு போல நெருங்கிய தகடுகள் வரைக்கும்.

எவ்வளவு வரை நெருக்கலாம்? இங்கே நியூட்டனின் நிபந்தனை எழுந்து வருகிறது. காற்று வந்துகொண்டிருக்க வேண்டும். நாகாவின் லாங்லி ஆய்வகத்தில் பீர்மனும் பிங்கலும் பலவித அகலங்களில், பலவித இடைவெளிகளில் ஃபின் வைத்த எஃகு உருளைகளைக் காற்றோட்டத்தில் நிறுத்தி அளந்து 1934-இல் வெளியிட்டார்கள். இடைவெளி ஓர் எல்லைக்குக் கீழே போனால் காற்று உள்ளே நுழையவே தயங்குகிறது. இரண்டு வரிசையில் 18 சிலிண்டர்கள் கொண்ட ரைட் 3350 எஞ்சினில் இது வெறும் ஆய்வகச் சங்கதியாக இருக்கவில்லை. 2200 குதிரைத்திறன், முன்வரிசையைத் தடவிச் சூடான காற்றுதான் பின்வரிசைக்குக் கிடைக்கும். பி-29 குண்டுவீச்சு விமானிகள் எதிரியின் பீரங்கிக்கு இணையாக அந்த எஞ்சின்களின் சூட்டுக்கும் தீக்கும் பயந்தார்கள்.

காற்றாடி இல்லாத இடங்களில், அதாவது ரேடியோ, மின்மாற்றி போன்றவற்றில், சூடான காற்று தானாக மேலே எழுந்து போவதுதான் ஒரே வழி. பிலிப்ஸ் நிறுவனத்தின் எலன்பாஸ் 1942-இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்தில், இரண்டு செங்குத்துத் தகடுகளுக்கு நடுவே காற்று எழுவதை அளந்து வெளியிட்டார். ஒவ்வொரு தகட்டையும் ஒட்டி ஒரு சூடான காற்றுப் போர்வை வளர்கிறது. இரண்டு போர்வைகளும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இடைவெளியே சரியான இடைவெளி. பத்து சென்டிமீட்டர் உயரத் தகடு, ஐம்பது டிகிரி வித்தியாசம் என்றால் ஆறேழு மில்லிமீட்டர் வரும். வீட்டில் இன்வெர்ட்டரோ பழைய ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

இப்போது கதிர்வீச்சு. அசையாத அறைக்காற்றில், கறுப்புப் பூச்சுள்ள தனித் தகடு ஒன்று காற்றுக்குக் கொடுக்கும் அளவு வெப்பத்தைக் கதிராகவும் கொடுக்கும். சில சமயம் அதைவிட அதிகமாகவே. ஆனால் பல தகடுகளை அருகருகே வைத்ததும் ஒரு சிக்கல். காற்று இடைவெளிக்குள் புகுந்து வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடும். கதிர் நேராகத்தான் போகும். ஒரு தகட்டிலிருந்து கிளம்பிய கதிர் எதிர்த் தகட்டின் மேல் விழும், அதுவும் இதே சூட்டில் இருந்து திருப்பி அனுப்பும். பக்கத்து வீட்டுக்கு மொய் எழுதுவது போல, போனதே திரும்பி வரும். நெருக்கமான ஃபின் கட்டு ஒன்று கதிர்வீச்சைப் பொறுத்தவரை ஏறக்குறைய அதன் வெளிப்புறப் பெட்டிதான். ஆக, காற்றுக்கு ‘நிறைய வை’ என்றும், கதிருக்கு ‘விரித்து வை’ என்றும் இரண்டு எஜமானர்கள்.

காற்றே இல்லாத இடத்துக்குப் போனால் ஒரே எஜமானன். 1957-இல் ஸ்புட்னிக் பறந்தது. விண்கலத்தில் அணு உலை வைக்கும் திட்டங்கள் இரண்டு வல்லரசுகளிடமும் இருந்தன. உலை எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் அதைப்போலப் பல மடங்கு வெப்பத்தைக் கதிராக மட்டுமே வெளியேற்ற வேண்டும். ரேடியேட்டரின் எடைதான் கலத்தின் எடை. ஷ்மிட்டின் கேள்வி திரும்பவும் வந்தது, இந்த முறை நான்காம் அடுக்கோடு.

1959-இல் கார்னகியின் ரிச்சர்ட் டஃபின் என்ற கணிதவியலாளர், ஷ்மிட் நியாய உணர்வால் சொன்னதை மாறுபாட்டு நுண்கணிதத்தின் மூலம் முறையாக நிறுவினார். முப்பத்து மூன்று வருடங்கள் எல்லோரும் நம்பிப் பயன்படுத்திய ஒன்றுக்கு அப்போதுதான் நிரூபணம் வந்தது. அடுத்த வருடம் கதிர்வீச்சு ஃபின்னின் மிகக் குறைந்த எடையைக் கணக்கிட்டு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜே. எர்னஸ்ட் வில்கின்ஸ்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர். 13 வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 1942-இல் 19 வயதில் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள் மாறுபாட்டு நுண்கணிதம். பத்திரிகைகள் அவரை ‘நீக்ரோ மேதை’ என்று எழுதின. பாராட்டில்கூட ஒரு வேலி. 1944-இல் சிகாகோவின் அணு ஆய்வகத்தில் விக்னரோடு வேலை செய்தார். உலைக்குள் நியூட்ரான்கள் வேகம் குறைவதைப் பற்றிய அவர்களுடைய கணக்கு இன்றும் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய குழு டென்னசியின் ஓக் ரிட்ஜுக்கு மாற்றப்பட இருந்தது. டென்னசி தெற்கு, அங்கே நிறவெறிச் சட்டங்கள். வில்கின்ஸ் போக முடியாது. எட்வர்ட் டெல்லர், ஹெரால்ட் யூரேக்குக் கடிதம் எழுதி, இப்படி ஒருவர் இருக்கிறார், மிகத் திறமையானவர், இனத்தின் காரணமாக அவரை அங்கே அனுப்ப முடியாது, நீங்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. அணுகுண்டு செய்யும் அவசரத்தில் இருந்த அரசாங்கம், தன் மிகச் சிறந்த மூளைகளில் ஒன்றை எந்த மாநிலத்தில் உட்கார வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது!

போருக்குப் பிறகு அவர் தொழில்துறையில் இருந்தார். முனைவர் பட்டம் வாங்கிப் பதினைந்து வருடம் ஆன பிறகு, அணு உலைகளை வடிவமைக்கும் வேலையில் இருந்துகொண்டே, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியலில் இளங்கலைப் பட்டம் வாங்கினார், 1957-இல். 1960-இல் முதுகலை. பொறியாளர்கள் நடுவே கணிதக்காரனாக மட்டும் நிற்கக்கூடாது என்பதற்காக. அந்த 1960-தான் ஃபின் கட்டுரை வந்த வருடம். 19 வயதில் கற்ற மாறுபாட்டு நுண்கணிதமும் 36 வயதில் கற்ற பொறியியலும் அந்தச் சில பக்கங்களில் சந்தித்துக்கொள்கின்றன.

கணக்கின் முடிவு எனக்கு முதலில் படித்தபோது வியப்பாக இருந்தது. கதிர்வீச்சில் ஷ்மிட்டின் நேர்கோடு நிற்கவில்லை. எல்லாக் கிராமுக்கும் ஒரே சுமை என்பது காற்றுக்குப் பொருந்தும் நியாயம்தான். கதிரில், சூடான உலோகம் குளிர்ந்த உலோகத்தைவிட அளவுக்கு மீறிப் பயனுள்ளது, நான்காம் அடுக்கு அல்லவா? ஆகவே அடிப்பகுதியை நெடுந்தூரம் சூடாகவே வைத்திருந்து, வீழ்ச்சியைக் கடைசி நுனிக்கு ஒதுக்கிவிடுவதே சிக்கனம். வெப்பநிலை நுனியிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலமாக ஏறுகிறது, தடிமன் மூன்றரை அடுக்காக. ஷ்மிட்டின் ஃபின்னைவிடவும் குழிந்த, நுனியில் ஒன்றுமே இல்லாத மெல்லிய வடிவம். இன்னொரு முடிவு அதைவிடப் பெரியது. தேவையான உலோகம், அடியின் வெப்பநிலையின் ஒன்பதாம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதம். அடியைப் பத்து சதவீதம் அதிகச் சூட்டில் இயக்கினால் ஃபின்னின் எடை பாதிக்கும் கீழே போய்விடும். மின்சாரம் எடுக்கிறவன் குளிர்ந்த முனை வேண்டும் என்பான், எடை பார்க்கிறவன் சூடான முனை வேண்டும் என்பான். விண்கல மின்னாக்கிகள் பலவற்றின் ‘குளிர்ந்த’ முனை தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட மேலே இருப்பதற்கு இதுதான் காரணம்.

வில்கின்ஸ் பிறகு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார், 1974-இல் அமெரிக்க அணுசக்திக் கழகத்தின் தலைவரானார், 2011-இல் இறந்தார். ஷ்மிட்டின் வாழ்க்கை வேறு மாதிரி. 1937-இல் பிரவுன்ஷ்வைக்கில் ஜெர்மன் விமான ஆய்வு நிறுவனத்தின் எஞ்சின் பிரிவுக்குத் தலைமை ஏற்றுப் போர்க்காலம் முழுவதும் அங்கே இருந்தார். பிறகு மியூனிக்கில் நுஸல்ட்டின் நாற்காலிக்கு வந்தார். ஒரே கேள்வியைக் கேட்ட இரண்டு பேர், இரண்டு போர் எந்திரங்களின் உள்ளே. ஒருவருக்கு நாற்காலி கேட்காமல் வந்தது, மற்றவருக்கு எந்த ஊர் ரயிலில் ஏறலாம் என்பதே கேள்வியாக இருந்தது.

இடையில் ஒரு விளையாட்டுச் செய்தி. 1976-இல் சயன்ஸ் இதழில் ஃபார்லோ, தாம்ப்ஸன், ராஸ்னர் மூவரும் ஸ்டெகோசாரஸ் டைனோசரின் முதுகில் இருந்த பெரிய தட்டுகள் ஒருவேளை குளிர்விக்கும் ஃபின்களோ என்று கேட்டார்கள். மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்தும் பார்த்தார்கள். தட்டுகள் நேரே வரிசையாக இல்லாமல் மாறி மாறி அமைந்திருப்பது காற்றுக்கு வசதிதான் என்று தோன்றியது. அது ஃபின்தானா, அழகா, மிரட்டலா என்று இன்னும் சண்டை. எனக்கென்னவோ மூன்றுமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் படுகிறது.

ஷ்மிட்டும் டஃபினும் ஒரு விஷயத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ஃபின்னின் எல்லா இடத்திலும் காற்று ஒரே மாதிரி வெப்பத்தை வாங்கும் என்று வைத்துக்கொண்டார்கள். உண்மையில் அடிமூலையில் காற்று சோம்பல், நுனியில் சுறுசுறுப்பு. காற்றின் ஓட்டத்தையும் உலோகத்தின் வெப்பத்தையும் சேர்த்தே கணக்கிட அந்தக் காலத்தில் வழியில்லை. 2016-இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர்சன், சிக்மண்ட், ஆகே ஆகியோர் மீக்கணினியிடம் வடிவம் எதையும் சொல்லாமல், ‘இவ்வளவு உலோகம், தானாக எழும் காற்று, நீயே வை’ என்று விட்டுப் பார்த்தார்கள். தகடு வரவில்லை. பவளம் போல, கிளை பிரிந்த செடி போல ஒன்று முளைத்தது. அதை முப்பரிமாண அச்சில்தான் எடுக்க முடியும். சந்தையில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்கின் பின்பக்கத்தைப் பார்த்தால் இன்னமும் நேர்த்தகடுகள்தான் பெரும்பாலும். அலுமினியத்தை அச்சில் பிதுக்கி எடுக்கும் எந்திரத்துக்கு நேர்கோடு மலிவு.

காற்றுக்கும் கதிருக்கும் ஒன்றாகச் செய்த ஃபின் ஒன்று இப்போது செவ்வாயில் நிற்கிறது. 2012 ஆகஸ்டில் இறங்கிய கியூரியாசிட்டி வண்டியின் பின்பக்கத்தில் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் உருளை அது. உள்ளே 4.8 கிலோ புளூட்டோனியம் டை ஆக்சைடு. புறப்பட்டபோது அது கொடுத்த வெப்பம் சுமார் 2000 வாட், மின்சாரம் 110 வாட். மீதியில் கொஞ்சத்தைக் குழாய்களில் ஓடும் திரவம் வண்டியின் வயிற்றைச் சூடாக வைக்க எடுத்துக்கொள்ளும். மற்றது எட்டு ஃபின்கள் வழியாக வெளியே போக வேண்டும். வழியில் பல மாதங்கள் வெற்றிடம், அப்போது கதிர் மட்டும். இறங்கிய பிறகு பூமியின் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மெல்லிய காற்று, ஆனால் அதுவும் வீசும். எட்டே எட்டு ஃபின்கள், ஒன்றையொன்று அதிகம் பார்த்துக்கொள்ளாதபடி ஆரங்களாக விரிந்தவை. வண்ணம் வெள்ளை.